கெமோதெரபி என்றால் பயமா?

(ஸ்கூடாய் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு கொடுக்கிற நாளில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று நினைப்பீர்கள். ஆனால் 'கெமோ' என்று காதில் விழுந்தாலே, "அவ்வளவுதான், ஆள் முடிஞ்சாரு" என்று நம்மவர்கள் சொல்லிவிடுகிறார்கள். நான் டாக்டர் அல்ல. தோட்ட ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்தவன்.

கெமோதெரபி என்றால் இரசாயன மருந்தால் செய்யும் சிகிச்சை. பெயர் வைத்தவர் ஜெர்மனி நாட்டு அறிஞர் பால் ஏர்லிக். உடம்பை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் தாக்கும் மருந்தைத் தேடினார். 1910-இல் அவருடைய சல்வர்சான் மருந்து மேகநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது. நம் பாட்டன் பாட்டிமார் பெரட்டுக் களத்தில் முகம் சுளித்து விழுங்கிய கொயினாவும் மலேரியாக் கிருமியைக் கொன்ற இரசாயனம்தானே! ஆகவே இது புற்றுநோய்க்கு மட்டும் சொந்தமான சொல் அல்ல.

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். அதன் பெயரே காசநோய் கெமோதெரபி நிலையம். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல காற்று, பால், முட்டை வேண்டும் என்பார்கள். ஏழைக்கு ஏது அது? டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் குழுவினர் 193 நோயாளிகளை எடுத்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை வீட்டிலும் வைத்து, இரு பக்கமும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடிசை, குறைந்த சாப்பாடு, ஓய்வும் குறைவு. அப்படியும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை! 1959-இல் இதை வெளியிட்டார்கள். உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது.

ஆனால் ஒன்று. அந்த நிலையத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து, விழுங்கினாரா, ஒளித்தாரா என்று பார்த்தார்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி?

என் தகப்பனார் கதையைச் சொல்கிறேன். பால்மரம் வெட்டியவர். 1968-இல் காசநோய் கண்டது. ஊசி போட்டு, மாத்திரை விழுங்கி, நான்கு மாதத்தில் இருமல் நின்றது. "உடம்பு தேறிருச்சு, இனி எதுக்கு?" என்று நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைநாள் சம்பளம் போகும். அதையும் சொல்ல வேண்டும். மறுவருடம் வாளி தூக்கும்போது இரத்தம் கக்கினார். இருமல் நின்றாலும் கிருமி சாகவில்லை. அரைகுறை மருந்துக்குத் தப்பிய கிருமி அந்த மருந்துக்கே அடங்காமல் போகக்கூடும். இரண்டாவது முறை அம்மா எதிரில் நின்று விழுங்க வைத்தார். பிழைத்தார். என் கல்யாணத்தையும் பார்த்தார்.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் போதும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பதற வேண்டாம், அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம்.

புற்றுநோய்க்கு வருவோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் தம் குழுவினரோடு உருவாக்கிய மருந்தைத்தான், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு டாக்டர் சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்தார். நோய் சில காலம் அடங்கியது. 1948-இல் அது உலகுக்குத் தெரிந்தது. அதன் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

இங்கே எதிரி வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல, நம் உடம்பின் அணுவே. வேகமாகப் பெருகும் அணுவை மருந்து அடிக்கிறது. முடியின் வேரும், வாயின் உள்தோலும், இரத்த அணுவும் வேகமாக வளர்பவை. அவற்றுக்கும் அடி விழுகிறது. முடி கொட்டுவது அதனால்தான். பெரும்பாலும் திரும்ப முளைக்கும். நல்ல அணு தேறட்டும் என்றுதான் இரண்டு, மூன்று வாரம் இடைவெளி விடுகிறார்கள். "ரெண்டு ஊசியிலேயே துவண்டுட்டாரு, நாட்டு வைத்தியம் பாப்போம்" என்று பாதியில் கூட்டிப்போகாதீர்கள். தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார். எல்லோருக்கும் குணமாகும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு வலியைக் குறைத்து நாளை நீட்டவே கொடுக்கிறார்கள். எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சை நடக்கும்போது காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளைகள் பரிசுப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யார் வீட்டிலாவது மருந்து பாதியில் நின்றிருந்தால் கூட்டம் முடிந்ததும் வாருங்கள். தேநீர் மேசைக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். கிளினிக் கெசிஹாத்தானில் யாரைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.