பழைய எஞ்சின் வாங்கப் போகிறீர்களா?



மழை பெய்தால் புல் வளரும். பூங்காவிலும் பள்ளி மைதானத்திலும் புல் வெட்டும் மெஷினுக்கு வேலை கூடும். அந்த நேரம் பார்த்து எஞ்சின் நின்றுவிட்டால் கூலி போய்விடும். புது எஞ்சின் விலை அதிகம். அதனால் பலர் பழைய எஞ்சின் தேடுகிறார்கள். வாங்கலாம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

முதல் கேள்வி இதுதான். உங்கள் எஞ்சின் உண்மையிலேயே கெட்டுவிட்டதா? பிளக்கில் கரி பிடித்தாலும் எஞ்சின் ஓடாது. காற்று வடிகட்டியில் தூசி அடைத்தாலும் ஓடாது. பல மாதம் கிடந்த பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரை அடைத்துவிடும். இவற்றுக்குச் சிறு செலவுதான். பிளேடு பக்கம் கை வைக்கும் முன் பிளக் வயரைக் கழற்றுங்கள். இல்லையென்றால் எஞ்சின் திடீரென்று ஓடிக் கையை வெட்டிவிடும்.

பிஸ்டன் தேய்ந்துவிட்டது, ரிப்பேர் கட்டாது என்று மெக்கானிக் சொன்னால் வேறு எஞ்சின் தேடுங்கள்.

எங்கே தேடுவது? டெல்லியில் மாயாபுரி, கொல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை எல்லாம் பழைய வண்டிச் சாமான்களுக்குப் பேர் போன இடங்கள். புல் வெட்டும் மெஷினுக்கோ, அதை ரிப்பேர் செய்யும் கடையில் முதலில் கேளுங்கள். தகரம் துருப்பிடித்து உடைந்த மெஷின் அங்கே கிடக்கும். அதன் எஞ்சின் நன்றாக இருக்கலாம்.

கடைக்குப் போகும் முன் நோட்டையும் பேனாவையும் எடுங்கள். உங்கள் எஞ்சினில் ஒரு தகடு இருக்கும். அதில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தா? பயம் வேண்டாம். பார்த்து அப்படியே வரையுங்கள். எண்கள் நமக்குத் தெரிந்தவைதான். சில தகடுகளில் எச்.பி. என்று இருக்கும். சிலவற்றில் கிலோவாட் என்று இருக்கும். 3 கிலோவாட் என்றால் ஏறக்குறைய 4 எச்.பி.

பிறகு ஷாஃப்டைப் பாருங்கள். விசிறி போல் பிளேடு சுற்றும் மெஷினில் ஷாஃப்ட் கீழ்நோக்கி இருக்கும். உருளை போல் பிளேடு சுற்றும் மெஷினில் படுத்திருக்கும். ஒன்றுக்கு மற்றது சேராது. ஷாஃப்டின் கனத்தையும் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். சில ஷாஃப்ட் 22.2 மில்லிமீட்டர். சில 25.4 மில்லிமீட்டர். வித்தியாசம் 3.2 மில்லிமீட்டர்தான். ஆனால் பிளேடு மாட்டாது. போல்ட் துளைகளின் இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடையில் அவசரப்படாதீர்கள். முதலில் ஆயிலைப் பாருங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்தது போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஸ்டார்ட் கயிற்றை மெல்ல இழுங்கள். கை கனக்க வேண்டும். லேசாக வந்தால் உள்ளே தேய்மானம். ஷாஃப்ட் சுற்றும்போது ஆடுகிறதா? கல்லில் பிளேடு மோதி வளைந்திருக்கும். அதை வாங்காதீர்கள். பிறகு பத்து நிமிடமாவது ஓட விடுங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்.

எல்லாம் சரி என்றால் பணம் கொடுங்கள். பில் வாங்குங்கள். தேதி, எஞ்சின் எண், தொகை, எத்தனை நாளில் திருப்பித் தரலாம் என்ற விவரம், கையெழுத்து எல்லாம் அதில் வேண்டும். எஞ்சினில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நீங்களே படித்துப் பாருங்கள். எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் தொடாதீர்கள். அது திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

வாயால் சொன்ன கியாரண்டி காற்றோடு போகும். தாளில் எழுதியது நம் கையில் நிற்கும். நாம் கற்ற எழுத்து நம் காசைக் காக்கட்டும்.