மார்கழிக் குளியலும் கரப்பானும்

 

பனிக்காலத்தில் கிளம்பும் கரப்பான் என்னும் தோல் நோயைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். திண்டுக்கல்லில் பனிக்காலம் எங்கே இருக்கிறது என்று வெளியூர் நண்பர் ஒருவர் சற்று முன்பு என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த ஒரு மாவட்டத்துக்குள் இரண்டு குளிர்காலங்கள் இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும். ஐரோப்பியப் பாடநூல்கள் சொல்லும் வறண்ட காற்று, கம்பளிச் சட்டை உறுத்தல் எல்லாம் அங்கே பொருந்தும். கீழே, சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் நடுவே கிடக்கும் நம் சமவெளியில் மார்கழி விடியலிலும் வெப்பமானி 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். காற்றில் ஈரம் இருக்கும். காற்று நன்றாக வறள்வதற்குத் தை பிறக்க வேண்டும். ஆனாலும் கார்த்திகையிலேயே முழங்கை மடிப்பையும் கழுத்தையும் சொறிந்துகொண்டு ஆட்கள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். "பனி ஒத்துக்கல டாக்டர்" என்கிறார்கள். பனியின் மேல் பழி போடுவது எளிது. என் கணிப்பில், சமவெளியில் முதல் குற்றவாளி குளியலறையில்தான் இருக்கிறது.

குளிர் தொடங்கியதும் தண்ணீர் காயவைக்க ஆரம்பிக்கிறோம். விறகடுப்போ கீசரோ, கை பொறுக்காத சூட்டில் ஊற்றிக்கொண்டால்தான் குளித்த மாதிரி இருக்கிறது நமக்கு. அரிப்பு உள்ளவருக்கு அந்தச் சூடு ஒரு தனிச் சுகம். அரை மணி நேரம் கழித்து அரிப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். தோலின் மேலடுக்குச் செல்களுக்கு இடையே செராமைடு முதலான கொழுப்புகள் இருந்து நீரைக் காக்கின்றன. வெந்நீரும் சோப்பும் சேர்ந்து அவற்றை அரித்துக் கரைக்கின்றன. ஃபிலாக்ரின் என்னும் புரதத்துக்கான மரபணுவில் பழுதிருந்தால் கரப்பான் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2006-ல் டண்டீ பல்கலைக்கழகக் குழு காட்டியது. அப்படிப் பிறவியிலேயே இளைத்த தோலைத்தான் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கிறோம். மீதியிருக்கும் எண்ணெயை அரப்புத்தூள் கொண்டுபோகிறது.

அடுத்தது தண்ணீர். நகரில் பல வீடுகளில் குடிக்க நல்ல தண்ணீர், குளிக்க போர்வெல் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பாகத் தோலில் படிகின்றன. எத்தனை செம்பு ஊற்றினாலும் முழுதாகப் போவதில்லை. அப்படியானால் தண்ணீரை மென்மையாக்கும் கருவி வாங்கலாமா என்று வசதியுள்ளவர்கள் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். கருவி பொருத்திய வீட்டுக் குழந்தைகளின் கரப்பான் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகக் குறையவில்லை. ஆகவே அந்தப் பணம் மிச்சம். சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, கடைசி ஒரு செம்பு நல்ல தண்ணீரை ஊற்றச் சொல்கிறேன். இதற்கு ஆய்வுச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. செலவும் இல்லை, கெடுதலும் இல்லை.

மாலை போட்டவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 41 நாள் விரதம், காலையும் மாலையும் குளியல், சாயம் ஒட்டும் புதுக் கறுப்பு வேட்டி, உரசும் துளசிமணி. குளிர்ந்த நீரில் இருமுறை குளிப்பதால் தோலுக்குப் பெரிய சேதமில்லை. இருமுறையும் சோப்புப் போடுவதால்தான் சேதம். வேட்டியை மூன்று தண்ணீரில் அலசிவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். விரதத்தில் எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று சொல்லும் குருசாமிகள் உண்டு. குளித்த ஈரத்தின்மேல் வாசலின் தடவுவதை யாரும் தடுத்ததாக நான் கேட்டதில்லை. தைப்பூசத்துக்கு நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக வெறுங்காலில் பழனி நடப்பவர்களின் குதிகாலுக்கும் இதே மருந்துதான்.

சிகிச்சையின் பாதி, துண்டால் ஒற்றியெடுத்த சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. ஈரம் காயுமுன் பூச வேண்டும். விலை உயர்ந்த க்ரீம்தான் வேண்டும் என்பதில்லை. 2014-ல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வொன்றில், 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் பார்த்தபோது, கனிம எண்ணெயைவிடச் சுத்தமான தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்தது. குளிக்கும் நீரில் எண்ணெய் கலப்பதால் மட்டும் கூடுதல் பயன் இல்லை என்று 2018-ல் 482 குழந்தைகளிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு சொல்லிவிட்டது. இந்தக் கருத்தரங்கின் தலைப்பில் 'தடுப்பு' என்ற சொல் இருப்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிறந்த நாள் முதல் தினமும் ஈரப்பதக் க்ரீம் பூசினால் நோயே வராது என்று நம்பினோம். 1,394 சிசுக்களிடம் சோதித்து 2020-ல் வெளிவந்த முடிவு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. நம்மால் தடுக்க முடிவது, வந்த நோய் மறுபடி மறுபடி கிளம்புவதைத்தான்.

கிளம்பிவிட்டால் ஸ்டீராய்டு களிம்பு வேண்டும். அதைக் கண்டு பயப்படும் தாயும், பயமே இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தந்தையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பெரியவரின் விரல் நுனி அளவு பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். நோய் அடங்கிய பிறகும் அடிக்கடி கிளம்பும் இடத்தில் வாரம் இரு நாள் பூசிவந்தால் அடுத்த கிளர்ச்சி தள்ளிப்போகிறது. பலருக்கு இது தெரியாது. தெரிந்த மருத்துவர்களும் சொல்ல மறந்துவிடுகிறோம். இந்தக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியைத் திருத்தியது. கடைக் கண்ணாடி அலமாரியில் விதி இன்னும் முழுதாக ஏறவில்லை. பூஞ்சைப்படைக்கும் அதே களிம்பு. இரவெல்லாம் குடும்பமே சொறியும் சிரங்குக்கும் அதே களிம்பு. மூன்றும் ஒன்று போலத் தெரியும், மருந்து வேறு வேறு.

இந்தக் கருத்தரங்கில் யாரும் விட்டுவிடக் கூடாத செய்தி ஒன்று உண்டு. கரப்பான் உள்ள குழந்தைக்குக் காய்ச்சலோடு திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் கிளம்பி, குத்தி எடுத்தாற்போல் புண்ணானால், அது ஹெர்பிஸ் கிருமி பரவியதாக இருக்கலாம். வீட்டில் என்ன சொல்வார்கள்? "அம்மா இறங்கியிருக்கா." வேப்பிலை கட்டி, மருந்து கொடுக்காமல் காத்திருப்பார்கள். மாசியில் கோட்டை மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கும் ஊர் இது. நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். வேப்பிலை இருக்கட்டும், மஞ்சள் இருக்கட்டும், இன்றைக்கே அசைக்ளோவிர் தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தக் கிருமி கண்ணைத் தொட்டுவிட்டால் பார்வையே போகக்கூடும். செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் இதைத் தெரிந்துகொள்வது நம்மில் பலர் தெரிந்துகொள்வதைவிட முக்கியம்; அந்த வீட்டுக்குள் முதலில் போகிறவர்கள் அவர்கள்.

தொழில் சார்ந்த கரப்பானைத் தொட்டுவிட்டு முடிக்கிறேன். தோல் பதனிடும் தொழிலாளியையும் சிமென்ட் குழைக்கும் கொத்தனாரையும் குரோமியம் பாதிக்கிறது. சின்னாளபட்டியில் சாயத்தில் கை நனைப்பவர்கள், நிலக்கோட்டையில் செவ்வந்தி பறிப்பவர்கள் என்று இந்த வரிசை நீளும். செவ்வந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பச் செடிகள். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஏற்கெனவே வெடித்த கையில் இந்தப் பொருள்கள் எளிதாக இறங்குகின்றன. பேட்ச் சோதனை செய்யாமல் களிம்பை மட்டும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இப்போது நம் ஊரிலேயே இருக்கிறது. அதன் மாணவர்களிடம் இரண்டு வேண்டுகோள். நோயாளி வந்த தேதியோடு, வீட்டில் குளிப்பது எந்தத் தண்ணீர், சூடா பச்சையா, என்ன சோப்பு என்பதையும் எழுதுங்கள். மலையிலிருந்து வருபவரையும் சமவெளியில் இருப்பவரையும் தனித்தனியே பிரித்து வையுங்கள். இரண்டு மூன்று மார்கழி இப்படி எழுதினால், குளியலறையைப் பற்றிய என் கணிப்பு சரியா தப்பா என்று தெரிந்துவிடும். இரண்டாவது, படம் காட்டும்போது நம் ஊர்த் தோலைக் காட்டுங்கள். பாடநூலில் சிவப்பாகத் தெரிவது நம் கறுப்புத் தோலில் ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரியும். சிவப்பைத் தேடுகிறவர் நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிடுவார். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.