குறைமாதப் பிள்ளையும் மூளை இரத்தக்கசிவும்
(தாய்மார் சந்திப்பில் ஆற்றிய உரை)

32 கிழமைக்கு முந்திப் பிறந்த பிள்ளைக்கு "மூளையில் இரத்தம் கசிந்திருக்கு" என்று டொக்டர் சொன்னால் நெஞ்சு பதறத்தான் செய்யும். பாரம் தூக்கினதாலோ, அழுததாலோ என்று உங்களை நீங்களே நோகாதேங்கோ. அந்தப் பருவத்தில் மூளையின் உள்ளறைகளின் ஓரமாக உள்ள இரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. இரத்த ஓட்டம் ஏறி இறங்கினாலே கசியலாம். அனேகமாக முதல் 3 நாட்களுக்குள் நடப்பது இது. காயாத உச்சியின் மேல் வைத்து எடுக்கிற அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் தெரியும். அதில் கதிர்வீச்சு இல்லை.

"எத்தனையாம் கிரேட்?" என்று கட்டாயம் கேளுங்கோ. மொத்தம் 4. முதல் இரண்டும் என்றால் பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். 3, 4 என்றால் மூளையில் நீர் தேங்கலாம், பிறகு கை கால் அசைவும் பாதிக்கப்படலாம். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி வருமெண்டில்லை. அதுக்காகத்தான் தலையின் சுற்றளவை அடிக்கடி அளக்கிறார்கள்.

மூத்த பிள்ளையை வைத்து இதை மொழிபெயர்க்க வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை தாய்க்கு இதை எப்படிச் சொல்லும்? பிரித்தானியாவில் என்.எச்.எஸ். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். தாதியிடம் "தமிழ்" என்று சொன்னாலே போதும்.

வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களுக்கும் ஒன்று: நேரத்துக்கு முந்தி நோ கண்டால் விடியட்டும் என்று இருக்காதேங்கோ. பிள்ளை பிறக்க முதல் தாய்க்குப் போடுகிற ஸ்ரீரொயிட் ஊசி இந்தக் கசிவையும் குறைக்கும். அது வேலைசெய்ய நேரம் வேணும்.