பிள்ளை யாரிடம்?

குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பையனுக்கு அஞ்சு வயசு முடியட்டும், அப்புறம் தானா அப்பாகிட்ட வந்துடுவான்."

தானாக எதுவும் நடக்காது. ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். நிறைந்த மறுநாள் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொல்லவில்லை. குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்பதும் அதே சட்டம்தான். விவரம் தெரிந்த வயதென்றால், பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்பார்.

பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பது ஒன்று. பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடும் காப்பாளர் யார் என்பது வேறொன்று. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பெயரில் கடன் பத்திரம் வாங்கப் போனபோது, தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. இத்தனைக்கும் கணவருக்கு ஆட்சேபணையே இல்லை! அவர் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், தகப்பன் உயிரோடு இருக்கும்போதே தாயும் காப்பாளராகச் செயல்பட இடமுண்டு என்றது.

வழக்கு நடக்கையிலேயே பிள்ளையை வளர்க்கும் இடைக்காலப் பொறுப்பு கேட்கலாம். தீர்ப்போடு வருவது நிரந்தரப் பொறுப்பு. இருவரும் பங்கிட்டு வளர்க்கும் கூட்டுப் பொறுப்பை 2015-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. பெற்றோருக்குள் ஓரளவு பேச்சுவார்த்தை மிச்சமிருந்தால்தான் அது ஓடும் என்பது என் எண்ணம். பெற்றோர் இருவராலுமே முடியாத நிலையில் தாத்தா, பாட்டியிடம் விடுவதும் உண்டு.

பிள்ளை தன்னிடம் இல்லாதவருக்குச் சந்திப்பு உரிமை. ஊரில் 'விசிட்டிங்' என்பார்கள். பெரும்பாலான தகராறு இங்கேதான். உத்தரவில் "அவ்வப்போது பார்க்கலாம்" என்று இருந்தால் அவ்வப்போது சண்டைதான். எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்து விடுவது, காய்ச்சல் என்றால் பதில் நாள் எது, தீபாவளி இந்த வருடம் யார் வீட்டில், கோடை விடுமுறையில் எத்தனை நாள், வெளியூரில் இருந்தால் வீடியோ கால் எப்போது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வக்கீல் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பார்க்க விடவில்லை என்று பிள்ளையின் பராமரிப்புத் தொகையை நிறுத்துவதும், தொகை வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும் இரண்டுமே தவறு. ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. தனித்தனியே மனுப் போட வேண்டியவை.

கடைசியாக ஒன்று. "கஸ்டடி கேஸ் ஜெயிச்சாச்சு" என்பவர்கள் கவனிக்க: இந்த உத்தரவுகள் மாறக்கூடியவை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கொன்றில், 1973-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பையன் பத்தாம் வகுப்புக்கு வந்து சனிக்கிழமைதோறும் ஸ்பெஷல் கிளாஸ் என்றால், சந்திப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றக் கேட்கலாம். இருவருக்கும் சம்மதமென்றால், ஒரு கூட்டு மெமோவில் எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தே முடித்துக்கொள்ளலாம்.