மூன்றாவது எட்டு மணி நேரமும் மூடப்படும் கடைகளும்

(கட்சி உறுப்பினர் வகுப்பொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1886 மே மாதம் சிகாகோ தொழிலாளர்கள் எழுப்பிய கோரிக்கை அனைவரும் அறிந்ததே. ஒரு நாளை அவர்கள் மூன்று பங்காகப் பிரித்தனர். எட்டு மணி நேரம் உழைப்பு; எட்டு மணி நேரம் ஓய்வு; எஞ்சிய எட்டு மணி நேரம் தொழிலாளியின் சொந்த விருப்பத்திற்கு. முதல் பங்கைப் பற்றித் தொழிற்சங்க இயக்கம் நிறையப் பேசியிருக்கிறது. மூன்றாவது பங்கைப் பற்றிப் பேசியது குறைவு. ஆனால் படிப்பதும் பாடுவதும், படம் பிடிப்பதும், வானொலிப் பெட்டியைக் கையால் பூட்டிப் பார்ப்பதும், அஞ்சல் தலை சேர்ப்பதும் அந்த நேரத்தில்தான் நடைபெறுகின்றன. உழைக்கும் மனிதர் முழு மனிதராக வளர்வதற்கான நேரம் அது.

அந்த நேரத்திற்கு நகரத்தில் ஓர் இடம் இருந்தது. புத்தகக் கடை, இசைத்தட்டுக் கடை, கேமராக் கடை, மின்னணு உதிரிப் பாகக் கடை, இசைக்கருவிக் கடை எனப் பொழுதுபோக்குப் பொருள்களை விற்ற சிறு கடைகளே அந்த இடம். இன்று இந்தியாவின் பெருநகரங்கள் அனைத்திலும் அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுகின்றன. இது கடை முதலாளிகளின் சொந்தத் துயரமா, அல்லது உழைக்கும் வர்க்கத்தின் கட்சி கவலைப்பட வேண்டிய செய்தியா என்பதே இன்று ஆராயப்படும் கேள்வி.

கல்லாவுக்கு அப்பால்

மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, தில்லி செங்கோட்டைக்கு எதிரிலுள்ள லஜபதி ராய் சந்தை ஆகியவை மின்னணுப் பாகங்களுக்குப் பெயர் பெற்றவை. இத்தகைய கடைக்குப் பதினைந்து வயது மாணவர் ஒருவர் ஒலிபெருக்கிச் சுற்று ஒன்றின் வரைபடத்துடன் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தேவை ஒரு டிரான்சிஸ்டர், நான்கு மின்தடைகள், இரண்டு மின்தேக்கிகள். மொத்த விலை ஐம்பது ரூபாயைத் தாண்டாது. வரைபடத்தைப் பார்க்கும் கடை ஊழியர், "இந்த எண் இப்போது வருவதில்லை தம்பி, இதற்கு ஈடானது இது, கால்களின் வரிசை மட்டும் மாறும்" என்று சொல்லித் தருகிறார். அருகில் நிற்கும் ரேடியோ பழுதுபார்ப்பவரும் தம் அனுபவத்தைச் சேர்க்கிறார். விற்பனை ஐம்பது ரூபாய்தான். ஆனால் அங்கே கைமாறிய அறிவுக்கு ரசீது கிடையாது.

இணைய வணிகம் பொருளை வாசலுக்குக் கொண்டுவருகிறது. இந்தக் கைமாற்றத்தை அது கொண்டுவருவதில்லை. ஒரு மின்தடை கேட்டவருக்கு நூறு அடங்கிய பொட்டலம் வருகிறது. தவறானதை வாங்கிவிட்டால் திருப்பி அனுப்பலாம். ஏன் தவறு என்று விளக்க ஆள் இல்லை.

மும்பை காலா கோடா பகுதியில் 1940-களில் தொடங்கப்பட்ட ரிதம் ஹவுஸ் என்ற இசைக்கடை 2016 தொடக்கத்தில் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே நின்று கேட்டே இசையை அறிந்துகொண்டனர். 2017-ல் அக்கட்டிடத்தை வைர வியாபாரி நீரவ் மோடியின் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டு வங்கி மோசடி அம்பலமானபோது அமலாக்கத் துறை அதனை முடக்கியது. அதே நகரில், 1948-ல் ஒரு திரையரங்கின் மூலையில் தொடங்கி வளர்ந்த ஸ்டிராண்டு புத்தக நிலையம் 2018 பிப்ரவரியில் கதவடைத்தது. இவற்றின் முடிவுக்கு இணைய வணிகம் மட்டுமே காரணம் என்று கூறுவது மிகையாகும். இசை கேட்கும் முறை மாறியது. வாசிப்புப் பழக்கம் மாறியது. சில இடங்களில் அரசே சந்தையை அகற்றியது. தில்லி தரியாகஞ்ச் நடைபாதையின் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை 2019-ல் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து அங்கிருந்து வெளியேற்றப்பட்டது, வியாபாரிகளின் போராட்டத்துக்குப் பின்னரே மாற்று இடம் கிடைத்தது. எனினும், ஏற்கெனவே தள்ளாடிய கடைகளைத் தரையில் சாய்த்தது எது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

ஓடும் சரக்கும் தேங்கும் சரக்கும்

பொழுதுபோக்குக் கடையின் கணக்கு மளிகைக் கடையின் கணக்கிலிருந்து வேறுபட்டது. அங்கே இருக்கும் சரக்கில் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே விற்பது. நல்ல புத்தகக் கடையில் கவிதை நூல் ஒன்று மூன்று ஆண்டுகள் அலமாரியில் காத்திருக்கும். அதற்கான வாடகையைச் செலுத்துவது பாடநூல்களும் பரபரப்பாக விற்கும் நாவல்களும். மின்னணுக் கடையில் அரிய பாகங்களைத் தாங்கிப் பிடிப்பது மின்னேற்றிகளும் ஒயர்களும். ஓடும் சரக்கு, தேங்கும் சரக்கைச் சுமக்கிறது.

இணையப் பெருநிறுவனங்கள் முதலில் கைவைத்தது இந்த ஓடும் சரக்கில்தான். பதிப்பகம் கடைக்காரருக்குத் தரும் கழிவுக்கு இணையான தள்ளுபடியை அவை நேரடியாக வாசகருக்கு அளித்தன. கடைக்காரர் வாங்கும் விலையே அங்கே விற்கும் விலை. ஓடும் சரக்கு போய்விட்டால் தேங்கும் சரக்கு மட்டும் வாடகை கட்டாது. ஆகவே கடை மெல்ல மெலிந்து ஒருநாள் மூடப்படுகிறது.

அடக்க விலைக்கே விற்பவர் எப்படிப் பிழைக்கிறார்? சாதாரண வியாபாரி நட்டத்தில் ஆறு மாதம் தாக்குப் பிடித்தால் அதிகம். உலக நிதி மூலதனத்தின் ஆதரவு பெற்ற நிறுவனம் பத்தாண்டு நட்டத்தைத் தாங்கும். பிளிப்கார்ட் 2007-ல் பெங்களூருவில் புத்தகம் விற்கும் தளமாகவே தொடங்கியது. 2018-ல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து அதன் 77 சதவீதப் பங்குகளை வாங்கியது. இதற்கிடையே அந்நிறுவனம் லாபத்தைக் காட்டவில்லை. அது கைப்பற்றிய சந்தைக்கே அந்த விலை. நட்டம் இங்கே தோல்வியின் அடையாளமாக இல்லை. அது போட்டியாளரை அகற்றுவதற்கான முதலீடு.

இதை இடதுசாரிகள் மட்டும் கூறவில்லை. 2024 ஆகஸ்டில் ஒன்றிய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயலே, அமேசான் நூறு கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தது அதன் நட்டத்தை நிரப்பவே என்றும், இணைய வணிகத்தின் இத்தகைய வளர்ச்சி பெருமைக்குரியதன்று, கவலைக்குரியது என்றும் பேசினார். அடுத்த நாளே, இணைய வணிகத்துக்குத் தாம் எதிரியில்லை என விளக்கமும் தந்தார்.

சட்டத்தின் முன்வாசலும் பின்வாசலும்

இந்த நிலை தானாக வந்ததன்று. 2012 செப்டம்பரில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு பலவகைப் பொருள் சில்லறை வர்த்தகத்தில் 51 சதவீத அந்நிய நேரடி முதலீட்டை அனுமதித்தது. செப்டம்பர் 20 அன்று நாடு தழுவிய கடையடைப்பு நடைபெற்றது. இடதுசாரிகள் தெருவில் இறங்கினர், பாஜகவும் எதிர்த்தது. 2014 தேர்தல் அறிக்கையிலும் பலவகைப் பொருள் சில்லறை வர்த்தகத்தில் அந்நிய முதலீட்டை ஏற்க மாட்டோம் என அக்கட்சி உறுதியளித்தது.

ஆட்சிக்கு வந்தபின் அது வேறு வாசலைத் திறந்தது. 2016 மார்ச்சில் வெளியான அரசுக் குறிப்பு, இணையச் சந்தைத் தளங்களில் 100 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தது. தளம் வெறும் சந்தை மட்டுமே, சொந்தச் சரக்கை அது விற்கக் கூடாது என்பது நிபந்தனை. நடைமுறையில் நடந்தது என்ன? அமேசானின் உள் ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு ராய்ட்டர்ஸ் 2021-ல் வெளியிட்ட செய்தியின்படி, 2019 தொடக்கத்தில் அத்தளத்தில் இருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்களுள் ஏறத்தாழ 35 பேரே மூன்றில் இரண்டு பங்கு விற்பனையைக் கைக்கொண்டிருந்தனர். "சிறு வணிகருக்கு உலகச் சந்தை" என்ற முழக்கத்தின் உண்மை மதிப்பு அதுவே. 2018 டிசம்பரில் விதிகள் இறுக்கப்பட்டன. 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் அமேசான், பிளிப்கார்ட் மீது விசாரணைக்கு ஆணையிட்டது. நிறுவனங்கள் நீதிமன்றப் படிகளில் ஏறின. விசாரணை அறிக்கை 2024-ல்தான் நிறைவுற்றது. குறிப்பிட்ட விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டப்பட்டதாக அது கண்டறிந்தது. பெருநிறுவனத்துக்கு நாலரை ஆண்டு ஒரு வழக்கின் காலம். சிறு கடைக்கு அது ஆயுட்காலம்.

பொட்டலத்தின் மறுபக்கம்

கடை மூடப்படும்போது அதில் வேலை செய்தவர் எங்கே செல்கிறார்? பாகங்களின் எண்களை மனப்பாடமாக வைத்திருந்த ஊழியர், எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர், கிடங்கில் பொட்டலம் பிரிப்பவராகிறார். அல்லது இருசக்கர வாகனத்தில் பை சுமக்கிறார். அவருடைய அறிவுக்கு அங்கே வேலையில்லை. வேகத்துக்கு மட்டுமே கூலி.

2024 கோடையில் ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், ஆறு லாரிகளின் சரக்கை இறக்கி முடிக்கும்வரை கழிப்பறைக்கும் தண்ணீர் குடிக்கவும் செல்ல மாட்டோம் என்று தொழிலாளர்கள் உறுதிமொழி எடுக்க வைக்கப்பட்டதாகச் செய்தி வெளியாயிற்று. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. விநியோகத் தொழிலாளரோ நிறுவனங்களின் பார்வையில் தொழிலாளியே இல்லை, அவர் "பங்காளி". பங்கு மட்டும் அவருக்குக் கிடையாது. குடும்பம் நடத்தும் அளவுக்கு வருமானம் வேண்டுமெனில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் சாலையில் இருக்க வேண்டும். மூன்றாவது எட்டு மணி நேரம் அவருக்கு மிஞ்சுவதில்லை.

இதுவே இன்றைய உரையின் மையப் புள்ளி. ஓய்வு நேரத்துக்கான இடத்தை அழிக்கும் மூலதனமே, ஓய்வு நேரத்தையும் விழுங்குகிறது. மூடப்படும் கடையும் ஓயாத விநியோகத் தொழிலாளியும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள்.

கசப்பான உண்மைகள்

சிறு கடையைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. பல கடைகளில் குறைந்தபட்சக் கூலி இல்லை. வருங்கால வைப்புநிதி இல்லை. விற்பனைப் பெண்கள் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்கின்றனர். கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கு உட்காரும் உரிமையை வழங்க வேண்டியிருந்தது. மேலும், பீகாரின் ஒரு கிராமத்தில் வாழும் மாணவிக்கு லாமிங்டன் சாலை ஒருபோதும் எட்டியதில்லை. கடைவீதிக்குத் தனியே சென்று தயங்காமல் கேள்வி கேட்கும் சுதந்திரம் எல்லாப் பெண்களுக்கும் இருந்ததில்லை. விரும்பிய நூல் வாசலுக்கே வருவது அவருக்கு உண்மையான முன்னேற்றம். தள்ளுபடி விலையில் வாங்கும் தொழிலாளியைக் குற்றவாளியாக்குவதும் தவறு. உண்மைக் கூலி உயராதபோது பத்து ரூபாய் குறைவும் அவருக்குப் பெரிது.

சிறிய மூலதனம் பெரிய மூலதனத்தின் முன் நிற்க இயலாமல், சிறு வணிகர் பாட்டாளி வர்க்கத்துக்குள் சரிவர் என்று மார்க்சும் எங்கெல்சும் 1848-லேயே எழுதினர். சரிவதைத் தடுத்துப் பழைய உலகத்தைக் காப்பது கம்யூனிஸ்டுகளின் பணியன்று. ஆனால் சரிபவர் யார் பக்கம் சாய்கிறார் என்பது அரசியல் கேள்வி. கடையை இழந்தவரின் கோபத்தைப் பக்கத்துத் தெருவின் சிறுபான்மை வணிகர்மீது திருப்பிவிடப் பிற்போக்குச் சக்திகள் காத்திருக்கின்றன. அந்தக் கோபம் ஏகபோகத்தின் மீது திரும்ப வேண்டுமெனில் யாரேனும் அவரிடம் சென்று பேச வேண்டும்.

மாற்று உண்டு

சந்தையின் தீர்ப்பை மாற்ற இயலாது என்பது உண்மையன்று. முதலாளித்துவ நாடான பிரான்ஸ் 1981-ல் சட்டம் இயற்றிப் புதிய நூல்களுக்கு 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தருவதைத் தடுத்தது. 2023 முதல், 35 யூரோவுக்குக் குறைவான நூல் கொள்முதலுக்குக் குறைந்தது 3 யூரோ அனுப்பும் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்று இணைய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. இந்தியாவிலும் நூல்களுக்கு நிலைவிலைச் சட்டம் கோரலாம். அடக்க விலைக்குக் கீழ் விற்பதைத் தடுத்தல், தளங்களின் மறைமுக விற்பனை நிறுவனங்களுக்குத் தடை, நகராட்சி வளாகங்களில் கட்டுப்படுத்தப்பட்ட வாடகை, கிடங்கு ஊழியர்க்கும் விநியோகத் தொழிலாளர்க்கும் கடை ஊழியர்க்கும் ஒரேவிதமான சட்டப் பாதுகாப்பு ஆகிய கோரிக்கைகள் இத்துடன் இணைய வேண்டும். கடை ஊழியரின் கூலியை விட்டுவிட்டுக் கடை முதலாளியின் வாடகையை மட்டும் பேசும் கூட்டணி நிலைக்காது.

இடதுசாரி இயக்கத்துக்கு இதில் முன்னுதாரணம் உண்டு. 1950-களில் காபி வாரியம் தன் காபி இல்லங்களை மூட முடிவு செய்தது. நூற்றுக்கணக்கான ஊழியர்கள் தெருவுக்கு வர இருந்த வேளையில், தோழர் ஏ.கே. கோபாலனின் வழிகாட்டுதலில் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துக் காபி இல்லங்களைத் தாமே ஏற்றனர். 1957-ல் பெங்களூருவிலும் தில்லியிலும், 1958-ல் திருச்சூரிலும் தொழிலாளர் நடத்தும் இந்தியன் காபி ஹவுஸ் பிறந்தது. கல்கத்தா கல்லூரித் தெருவின் காபி ஹவுஸும் அவ்வழியே பிழைத்தது. அங்கே காக்கப்பட்டவை வேலைகள் மட்டுமல்ல. ஒரு குவளைக் காபியுடன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து விவாதிக்கும் இடமும் காக்கப்பட்டது. 2012 மே தினத்தன்று தில்லி சாதிப்பூரில் திறக்கப்பட்ட மே டே புத்தகக் கடையும், அதை ஒட்டிய ஸ்டூடியோ சப்தர் நாடக அரங்கும் நம் காலத்தின் சிறிய எடுத்துக்காட்டு. புத்தகம் வாங்க வருபவர் நாடகம் பார்க்கிறார். நாடகம் பார்க்க வருபவர் புத்தகம் வாங்குகிறார்.

எல்லாக் கடைகளையும் கூட்டுறவாக்க இயலாது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் நூலகத்தின் ஓர் அறையை, தொழிற்சங்க அலுவலகத்தின் ஒரு மாலையை இளைஞர்களின் மின்னணுப் பட்டறையாகவும் இசைக்கூடமாகவும் ஆக்க இயலும். மூடப்பட்ட கடையின் அனுபவமிக்க ஊழியரை அங்கே ஆசிரியராக அமர்த்த இயலும். கடையோடு அழியவிருந்த அறிவு அவரிடம் இன்னும் இருக்கிறது.

தோழர்களே, சிகாகோ தொழிலாளர்கள் உயிர்கொடுத்துக் கேட்ட மூன்று பங்குகளில் மூன்றாவது பங்கு இன்றும் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்க்கும் அதைக் கழிக்கும் இடம் சுருங்கி வருகிறது. நேரத்துக்கான போராட்டமும் இடத்துக்கான போராட்டமும் ஒன்றே. வீட்டு வாசலில் பொட்டலம் கொண்டுவரும் இளைஞரிடமும், தெருமுனையில் கதவை இறக்கும் கடை ஊழியரிடமும் அந்தப் பேச்சைத் தொடங்குவது இந்த வகுப்பிலிருந்து செல்லும் ஒவ்வொருவரின் பணியாகட்டும்.