கல்லுப்பும் தூளுப்பும்

என் தங்கை பிள்ளைப்பேற்றுக்காகத் திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம். கிராமச் சுகாதாரச் செவிலியர் அவளைப் பார்க்க வந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், எடை பார்த்தார். கிளம்பும்போது, "அடுப்படியில என்ன உப்பு வச்சிருக்கீங்க? கொஞ்சம் கொண்டாங்க" என்றார். அத்தை ஜாடியிலிருந்து ஒரு கை கல்லுப்பு அள்ளிக்கொண்டு வந்தார். பாக்கெட் தூளுப்பிலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் வைத்தோம். செவிலியர் பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்து, இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். தூளுப்பு கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. கல்லுப்பு வெள்ளையாகவே கிடந்தது; அதில் அயோடின் இல்லை என்று அர்த்தம்.

அத்தை விடவில்லை. "கடல்ல விளையுற உப்பு தாயி இது. அதுல இல்லாத சத்தா இந்தத் தூள்ல இருக்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. திண்டுக்கல்லில் இன்று பல வீடுகளில் இதே பேச்சுதான். கல்லுப்பு இயற்கை, தூளுப்பு ரசாயனம். கல்லுப்புக்கு மாறினால் பிரஷர் இறங்கும், தைராய்டு வராது என்கிறார்கள். இந்த எண்ணம் ஓரளவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாப்பாட்டு மேசைக்கு வரும் உப்பில் பெரும்பகுதி பூமிக்கடியில் இருந்து எடுப்பது. அதனால் அங்கே கடல் உப்பு என்பது தனிச் சரக்கு, விலையும் கூடுதல். நம் ஊர்க் கதை வேறு. நம் மளிகைக் கடையில் அடுக்கியிருக்கும் தூளுப்புப் பாக்கெட்டும் பெரும்பாலும் உப்பளத்தில் விளைந்ததுதான். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றைக் கழுவி, காயவைத்து, அரைத்து, அயோடின் சேர்த்துப் பாக்கெட்டில் போடுகிறார்கள். மற்றதை அப்படியே சாக்கில் கட்டி அனுப்புகிறார்கள்.

உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் தூத்துக்குடிதான் பெரிய பேர். அந்த வெயிலில் பாத்திக் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்பு விளைவிப்பது எவ்வளவு நுணுக்கமான கலை என்று. கடல்நீரையோ கரையோரத்து ஆழ்குழாய்க் கிணற்று உவர்நீரையோ பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுகிறார்கள். நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தியை 'போமே' என்ற அளவுகோலால் பார்க்கிறார்கள். கடல்நீர் ஏறக்குறைய மூன்றரை டிகிரி. அது ஏறிக்கொண்டே போகையில் முதலில் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாகப் படியும். 25 டிகிரியை ஒட்டி உப்பு மணி கட்டத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்ட விட்டால் கசப்பான மக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கிவிடும். அதற்கு முன்னால் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். எந்த நேரத்தில் நீரைத் திறப்பது, எப்போது வாருவது என்பதெல்லாம் உப்பளத் தொழிலாளியின் கண்ணும் கையும் அறிந்த கணக்கு. கண் கூசும் வெள்ளையில், காலில் வெடிப்போடு நின்று அவர்கள் வாரிய உப்புதான் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தாண்டி நம் ஜாடிக்கு வருகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நல்ல உப்பு விளைவிப்பது என்றாலே கடலின் மற்ற தாதுக்களை விலக்கி, சோடியம் குளோரைடை மட்டும் பிரித்தெடுப்பதுதான். கடலின் சத்தெல்லாம் கல்லுப்பில் அடங்கியிருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அந்தச் சத்தில் பெரும்பகுதி பாத்தியிலேயே வடிந்து போய்விடுகிறது. ஒட்டிக்கொண்டு வரும் கொஞ்சம் மக்னீசியம்தான் ஐப்பசி மழையில் கல்லுப்பைக் கசிய வைக்கிறது. சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்றால் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஒரு நாள் உப்பில் அதன் ஓரத்தைக்கூடத் தொட முடியாது.

இனி அத்தை கேட்ட அயோடினுக்கு வருகிறேன். கடலில் அயோடின் உண்டு, மறுக்கவில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அயோடின் 60 மைக்ரோகிராம் அளவுதான். பாத்தியில் ஒரு துளியும் வீணாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 10 கிராம் உப்பில் இருபது மைக்ரோகிராம்கூடத் தேறாது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்வதற்குத் தாயின் தைராய்டு சுரப்பு வேண்டும், அந்தச் சுரப்புக்கு அயோடின் வேண்டும். என் தங்கையைப் பார்க்க வந்த செவிலியர் அடுப்படி உப்பைக் கேட்டது இதனால்தான்.

இது யாரோ கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை இல்லை. 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசாமியின் குழு இன்றைய இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தது. இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்தார்கள். அயோடின் உப்பு போன ஊர்களில், அயோடின் குறைவால் வரும் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் அரசின் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பை மனிதர் உண்பதற்காக விற்கக் கூடாது என்ற தடை 2006 மே 17 முதல் நடைமுறைக்கு வந்தது. உப்பு நம் கைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். 10 கிராமுக்குக் கணக்குப் போட்டால் சரியாக 150 மைக்ரோகிராம் வரும்.

எனக்கு மனம் வலிக்கிற இடம் இதுதான். 2018-19இல் நாடு முழுவதும் எடுத்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களிலேயே கடைசி இடம் நமக்கு. உப்பு விளையும் மண்ணிலேயே இந்த நிலை. அளத்து உப்பு மலிவாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் கிடைப்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நம் திண்டுக்கல்லுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பேகம்பூர் பக்கம் தோல் பதனிடும் தொழில் தலைமுறைகளாக நடக்கிறது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கல்லுப்பைக் கொட்டி அடுக்குவார்கள். தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணீரோடு போகும். கரைந்த உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது எளிதான வேலை இல்லை; சுற்றியுள்ள கிணறுகள் உவர்த்துப் போனதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். பருப்பு வேகாத தண்ணீர் என்று சொல்லிச் சொல்லி, ஆத்தூர் அணைத் தண்ணீருக்கும் காவிரித் தண்ணீருக்கும் குடம் வைத்துக் காத்திருந்தோம். தோலுக்கும் மாட்டுக்கும் என்று வரும் உப்புக்கு அயோடின் கட்டாயமில்லை, சேர்ப்பதும் இல்லை. அந்தச் சாக்கிலிருந்து சில்லறையாக அளந்த உப்பு அடுப்படிக்கு வந்தால், பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இவ்வளவு சொன்னதால் எனக்குக் கல்லுப்பு ஆகாது என்று எண்ண வேண்டாம். அம்மியில் மிளகாயும் பூண்டும் வைத்து அரைக்கும்போது நாலு கல்லுப்பைப் போட்டுப் பாருங்கள். குழவிக்கு அது பல் மாதிரி. விழுது வழுக்காது, சீக்கிரம் மசியும். தூளுப்பு அந்த வேலையைச் செய்யாது. நார்த்தங்காயைச் சுருளாக அரிந்து கல்லுப்பைத் திணித்து ஜாடியில் போட்டால், மணிகள் மெல்ல மெல்லக் கரைந்து காய்க்குள் இறங்கும். சீரக சம்பா உலையில் கை அளவாகக் கல்லுப்பைப் போட்டு, கரண்டியால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கும் சமையல்காரரின் பக்குவத்துக்கு நான் தலைவணங்குகிறேன். இது ருசியின், கைப்பழக்கத்தின் சிறப்பு. அதை மருந்தாகச் சொல்லும்போதுதான் தவறு நேர்கிறது.

பிரஷருக்கு வருவோம். கல்லுப்பானாலும் தூளுப்பானாலும் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் சோடியம். இந்துப்புக்கும் இதுவே கணக்கு. கல்லுப்பு ஒரு கரண்டியில் இடைவெளி விட்டு உட்காருவதால் எடை குறையும், அதனால் கரிப்பும் குறைந்த மாதிரி தெரியும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள். உலகம் முழுவதும் பெரியவர்கள் சராசரியாகச் சாப்பிடுவதோ 10.8 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் எல்லாவற்றிலும் இருப்பதைச் சேர்த்த கணக்கு அது. உப்பைக் குறைத்தால் அயோடின் குறையுமே என்று கேட்கலாம். சேர்க்கும் அளவைக் கொஞ்சம் கூட்டி அதைச் சரிக்கட்ட முடியும். கூடுதலாகச் சாப்பிட்ட உப்பை அப்படிச் சரிக்கட்ட வழியில்லை.

உடம்புக்கு நல்ல உப்பு என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பைச் சொல்வேன். சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2014இல் தமிழ்நாடு உப்பு நிறுவனம் கொண்டுவந்த அம்மா உப்பிலும் சோடியம் குறைந்த வகை ஒன்று இருந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்து.

அத்தைக்குச் செவிலியர் பொறுமையாகப் பதில் சொன்னார். "கல்லுப்ப விட வேணாம்மா. அயோடின் போட்ட கல்லுப்பே வருது, பாக்கெட்டுல சிரிக்கிற சூரியன் படம் இருக்கான்னு பாத்து வாங்குங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். மண் இருக்கிறது என்று கல்லுப்பைக் கழுவித் தண்ணீரை ஊற்றிவிடுவது நம் வழக்கம். கல்லுப்பில் அயோடின் மேலே தெளித்ததாகத்தான் இருக்கும், கழுவினால் முதலில் போவது அதுதான். கழுவாமல் தண்ணீரில் கரைத்து, மண் அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் இறுத்துக் குழம்பில் ஊற்றச் சொன்னார். ஜாடியை அடுப்பு மேடையிலிருந்து தள்ளி, மூடி வைக்கச் சொன்னார். சூட்டிலும் ஈரத்திலும் அயோடின் நிற்காது.

அத்தை மறுநாளே ஜாடியை அலமாரிக்கு மாற்றினார். தங்கைக்குப் பெண் பிறந்து இப்போது தவழ்கிறது. பழைய சாக்கில் மிச்சமிருந்த உப்பைக் கழுநீரில் கலந்து மாட்டுத் தொட்டியில் ஊற்றித் தீர்த்தோம்.