சபையில் பேசியது அமானிதம்

(மஹல்லா பைத்துல்மால் பொறுப்பாளர்களும் டிரஸ்ட் உறுப்பினர்களும் கலந்துகொண்ட ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. மாதந்தோறும் நமக்கு மனுக்கள் வருகின்றன. மகளின் கல்யாணச் செலவு, மகனின் காலேஜ் ஃபீஸ், டயாலிசிஸ் செலவு, கணவர் விட்டுச் சென்ற கடன். சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாததை ஒரு குடும்பம் அந்தத் தாளில் எழுதி நம்மிடம் தருகிறது. ஜகாத் பணம் எப்படி அமானிதமோ, அந்தச் செய்தியும் அமானிதமே. பணத்துக்கு ரசீது போடுகிறோம், பூட்டி வைக்கிறோம், ஆடிட் செய்கிறோம். செய்திக்கு என்ன காவல் வைத்திருக்கிறோம்?

ஒரு ஊரில் மளிகைக் கடை நடத்தி நொடித்துப்போன சகோதரர் ஒருவர். பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அங்கே போகவில்லை, மீட்டர் வட்டிக்கு வாங்கினார். காரணம் கேட்டபோது, “இஷாவுக்குப் பிறகு கூட்டம் போடுவாங்க, ஃபஜ்ரு முடிஞ்சதும் டீக்கடையில பேசுவாங்க. வீட்ல பொண்ணுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டு இருக்கோம் பாய்” என்றார். ஒரு முஸ்லிம் வட்டியின் பக்கம் போக, நிர்வாகிகளின் நாக்கு காரணமாகிவிட்டது. நாளை மறுமையில் இதற்கு யார் பதில் சொல்வது?

சூரத்துல் பகராவின் 273ஆவது வசனம், வாய்விட்டுக் கேட்காத ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. விவரம் அறியாதவர் அவர்களை வசதியானவர்கள் என்றே நினைப்பார். அந்தத் தன்மானத்தைக் காப்பது நம் பொறுப்பு. அதே சூராவின் 264ஆவது வசனம், சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறது. உதவியைக் கொடுத்துவிட்டு அதை வீதியில் பேசுவது நோவினை இல்லாமல் வேறென்ன?

“வீட்டில் மட்டும்தான் சொன்னேன்” என்பார்கள் சிலர். அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமானது. தாயார் உம்மு சுலைம் (ரலி) காரணம் கேட்க, அது இரகசியம் என்று அனஸ் சொல்லிவிட்டார். தாயாரும் துருவவில்லை, அந்த இரகசியத்தை யாரிடமும் சொல்லாதே என்றார்கள். முஸ்லிம் நூலில் வரும் செய்தி இது. ஒரு சிறுவர் காத்ததை, தாடி நரைத்த நாம் காக்க வேண்டாமா?

அப்படியானால் எதையும் எழுதக் கூடாதா? எழுதியே ஆக வேண்டும். குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். ஆனால் மினிட் புத்தகம் தீர்மானத்தை எழுதும் இடம், பேச்சை எழுதும் இடம் இல்லை. “இன்னாருடைய கணவர் குடிப்பவர், வீட்டைக் கவனிப்பதில்லை என்று இன்ன உறுப்பினர் கூறியதால் 15,000 ரூபாய் வழங்கப்பட்டது” என்று எழுதினால், அந்தப் பெண்ணின் பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் அந்த வரி அங்கே கிடக்கும். “மனு எண் 14: குடும்ப உதவியாக 15,000 ரூபாய் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது” என்பது போதும். பெயரும் விசாரணைக் குறிப்பும் பூட்டிய தனிக் கோப்பில் இருக்கட்டும். வவுச்சரில் பெயர் இருக்கும், இருக்கவும் வேண்டும். 2022இல் வந்த வருமான வரி விதி 17ஏஏ, அறக்கட்டளைகள் கணக்கு ஆவணங்களை 10 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. ஆடிட்டர் பார்க்க வேண்டியதை அவர் பார்ப்பார். ஊர் பார்க்க வேண்டியதில்லை.

நடைமுறையில் சிலவற்றைக் கைக்கொள்வோம்.

தேதி, இடம், வந்தவர்கள், கோரம், பொருள், தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், நிறைவேற்றும் பொறுப்பு யாருக்கு என்பவை மினிட்டில் இருக்க வேண்டும். பக்கங்களுக்கு எண் இடுவோம். அடுத்த கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் பெற்றுத் தலைவர் கையெழுத்திடட்டும். திருத்தம் என்றால் ஒரே கோட்டில் அடித்துக் கையெழுத்து, ஒயிட்னர் வேண்டாம்.

கூட்டத்தில் விநியோகித்த தாள்களை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வோம். மனுவையோ மினிட்டையோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். நிர்வாகிகள் குரூப் என்றாலும் வேண்டாம். ஒரு விரல் தட்டினால் அது துபாய்வரை போய்விடும்.

மனுதாரர் நம் உறவினர் என்றால் அதைச் சொல்லிவிட்டு அந்த நேரம் வெளியே எழுந்து செல்வோம். எழுந்து சென்றதும் மினிட்டில் பதிவாகட்டும்.

ஒரு தீர்மானம் நமக்கு உடன்பாடில்லையென்றால் அங்கேயே சொல்லி, ஆட்சேபத்தைப் பதியச் சொல்வது நம் உரிமை. வெளியே வந்த பிறகு அது எல்லோருடைய தீர்மானம். “நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன்” என்று பள்ளிவாசல் திண்ணையில் பேசுவது மஷூராவின் ஒழுங்கு ஆகாது.

கடைசியாக ஒன்று. இரகசியம் என்ற சொல்லுக்குப் பின்னால் எவரும் ஒளிந்துகொள்ளக் கூடாது. சபைகள் அமானிதம் என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. அறிவிப்பாளர் தொடர் பற்றி ஆலிம்களிடையே பேச்சு உண்டு. ஆனாலும் அதில் சொல்லப்படும் விதிவிலக்கைக் கவனியுங்கள்: கொலை, விபச்சாரம், அநியாயமாகப் பிறர் சொத்தைப் பறித்தல். இவை பேசப்படும் சபைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பைத்துல்மால் பணத்தில் கை வைக்கப்பட்டால் அதை மூடி மறைப்பது அமானிதம் ஆகாது, துரோகம். வரவு எவ்வளவு, எத்தனை பேருக்கு, எந்த வகைக்கு எவ்வளவு என்று ஆண்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு சொல்வோம். மறைக்க வேண்டியது வாங்கியவரின் முகம். நம் கணக்கை மறைக்க நமக்கு உரிமையில்லை.

இதைச் சரியாகச் செய்தால், வாய் திறந்து கேட்கத் தயங்கும் அடுத்த குடும்பம் மீட்டர் வட்டிக்காரரைத் தேடிப் போகாமல் நம் வாசலுக்கு வரும். அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவர்களாக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாம்.